அந்த எட்டு நாட்கள்

(நம் பங்கின் பவளவிழாவை முன்னிட்டு நடந்த மூன்று நாள் தியானத்தின் இரண்டாம் மாலையில், கடற்கரை அன்பியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

"அன்றாட வாழ்வில் விசுவாசம்" என்ற தலைப்பில் பேச வேண்டும் என்று பங்குத் தந்தை எங்களிடம் கேட்டபோது நாங்கள் தயங்கினோம். பிரசங்கம் செய்யக் குருக்கள் இருக்கிறார்கள். வேதாகமத்தை விளக்கப் படித்தவர்கள் இருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்களும், வலை சீர்செய்கிறவர்களும், மீன் விற்கிறவர்களுமான நாங்கள் எதைச் சொல்வது? அதற்குத் தந்தை சொன்னார்: "உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாமல் செய்ததையும் சொல்லுங்கள்." இந்த இரண்டாவது வார்த்தைதான் எங்களைப் பிடித்துக்கொண்டது. ஆகவே எங்கள் அன்பியம் செய்த ஒரு தவற்றையும், அந்தத் தவற்றில் ஆண்டவர் எங்களுக்குக் கற்பித்த ஒரு பாடத்தையும் உங்கள் முன் வைக்கிறோம். இதில் வருகிற சகோதரியின் அனுமதியைப் பெற்றே பேசுகிறோம். பெயர் வேண்டாம் என்றார், சொல்லவில்லை.

அன்பர்களே, நம் கரையில் விசுவாசம் எப்படி வந்தது என்பதைச் சற்று நினைத்துப் பார்ப்போம். புனித சவேரியார் 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துக்கீசிய மொழியும் தமிழும் அறிந்த சிலரை உட்காரவைத்து, ஜெபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழில் எழுதச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து குழந்தைகளைக் கூட்டினார். 1544-ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

மக்களுக்கு அவர் விசுவாசப் பிரமாணத்தைக் கற்றுக்கொடுத்த முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு பகுதியாகச் சொல்லி நிறுத்துவார். இதை விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். மக்கள் மார்பின்மேல் கைகளைச் சிலுவையாக மடித்துக்கொண்டு, ஆம், விசுவசிக்கிறோம் என்று ஒரே குரலில் பதில் சொல்வார்கள். இதுவும் அவருடைய கடிதங்களில் உள்ளது. அந்தக் குரல்தான் தலைமுறை தலைமுறையாக வந்து, இன்று ஞாயிறுதோறும் நம் கோவிலில் கேட்கிறது. வளைந்த முதுகோடு நிற்கும் பாட்டியும், தகப்பன் கையைப் பிடித்து நிற்கும் பிள்ளையும் ஒன்றாகச் சொல்கிறார்கள். நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து அது.

அந்தப் பொதுக் குரலில் ஒருநாள் ஒரு குரல் நின்றுபோயிற்று. அங்கேதான் எங்கள் கதை தொடங்குகிறது.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. மீனவரான அப்போஸ்தலர் புனித அந்திரேயாவின் திருநாள். நம் பெரியவர்கள் பெலவேந்திரர் என்று வணங்கும் புனிதர் அவர். அன்றுதான் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைப் புரட்டியது. நாள் கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்யும் படகுகள் பல நாள் முன்பே புறப்பட்டுப் போயிருந்தன. கரையில் சொன்ன எச்சரிக்கை ஆழ்கடலில் கிடந்தவர்களுக்கு எட்டவில்லை. மூன்றாம் நாள் சவேரியார் திருநாள். அந்தத் திருநாளில் நம் கரை எப்படி இருந்தது என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

எங்கள் அன்பியத்துச் சகோதரி ஒருவரின் கணவர் அந்தப் படகுகளில் ஒன்றில் போனவர். இரண்டு பிள்ளைகள். முதல் வாரத்தில் நல்ல செய்திகளும் வந்தன. சிலர் இலட்சத்தீவில் கரையேறினார்கள். சிலர் மராட்டியக் கரையில் ஒதுங்கினார்கள். சிலர் குஜராத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு செய்திக்கும் அந்தச் சகோதரி தெருவுக்கு ஓடிவருவார். பிறகு வேறு செய்திகள் வந்தன. கேரளத்து மருத்துவமனைகளில் அடையாளம் தெரியாத உடல்கள் இருக்கின்றன, இரத்த உறவினர் மரபணுச் சோதனைக்கு வர வேண்டும் என்றார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார். பொருந்தவில்லை. கணவரின் உடல் கடைசிவரை கிடைக்கவேயில்லை.

உடல் இல்லாமல் நினைவுப் பூசை நடந்தது. குழி இல்லை, ஒரு பிடி மண் போடவில்லை. அதற்குப்பின் கல்லறைத் திருநாள் வரும்போதெல்லாம் நாமெல்லாம் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுகிறோம். அவருக்குத் திரி ஏற்ற இடம் இல்லை.

2018 தபசு காலத்தில் ஒரு ஞாயிறு. விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லாரும் எழுந்தோம். ஆண்டவர் பாடுபட்டு மரித்து அடக்கம் செய்யப்பட்டதைச் சொல்லும் இடம் வந்தபோது அவருடைய வாய் மூடிக்கொண்டது. மிச்சத்தை அவர் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு தொடக்கத்திலிருந்தே சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறு எழுந்திருக்கவும் இல்லை. கோவிலில் பார்த்தவர்கள் பேசினார்கள். நாங்களும் பேசினோம்.

அன்பர்களே, இப்போது எங்கள் தவற்றைச் சொல்கிறோம். நாங்கள் மூன்று பேர் அவருடைய வீட்டுக்குப் போனோம். கையில் வேதாகமம் கொண்டுபோனோம், ஜெபமாலை கொண்டுபோனோம். அடுப்பு எரிகிறதா என்று பார்க்கவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா என்று கேட்கவில்லை. உட்கார்ந்ததும் தொடங்கிவிட்டோம். எல்லாம் தேவ சித்தம் என்றோம். ஆண்டவர் தமக்குப் பிரியமானவர்களையே சோதிக்கிறார் என்றோம். கோவிலில் இப்படி உட்கார்ந்திருந்தால் பிள்ளைகளுக்குத் துர்மாதிரிகை அல்லவா என்றும் கேட்டோம்.

அவர் எங்களைத் திட்டவில்லை. அமைதியாகக் கேட்டார்: "அன்றைக்கு சீடர்களின் படகில் காற்று அடித்தபோது ஆண்டவர் எழுந்து கடலை அடக்கினாரே, எங்கள் படகில் மட்டும் ஏன் எழுந்திருக்கவில்லை?" நாங்கள் ஏதோ சொன்னோம். என்ன சொன்னோம் என்பது எங்களுக்கே நினைவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார்: "ஆண்டவருக்கு அடக்கமாவது நடந்தது. அந்த இடத்துக்கு வந்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பார்க்காமலே அவர் செத்துவிட்டார் என்று நம்பச் சொல்கிறீர்கள். பார்க்காமலே உயிர்த்தெழுவார் என்றும் நம்பச் சொல்கிறீர்கள். எத்தனையைத்தான் பார்க்காமலே நம்புவேன்?"

எங்களிடம் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் தாழ்ச்சியும் அன்றைக்கு எங்களிடம் இல்லை. விசுவாசக் குறைவு என்று ஒருவர் முணுமுணுத்தோம். அது அவர் காதில் விழுந்தது. அடுத்த ஞாயிறு முதல் அவர் கோவிலுக்கு வரவில்லை. ஓராண்டுக்கு மேல் வரவில்லை. புயல் அவருடைய கணவரைக் கொண்டுபோயிற்று. அவரைக் கோவிலிலிருந்து வெளியே கொண்டுபோனது எங்கள் வாய்தான்.

2019-இல் உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு. ஒவ்வொரு ஆண்டும் அந்த ஞாயிறன்று புனித தோமையாரைப் பற்றிய நற்செய்தி வாசிக்கப்படுகிறது. அன்று மாலை அன்பியக் கூட்டத்தில், சந்தேகப்பட்ட தோமையாரைப் போல நாம் இருக்கக்கூடாது என்று வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தோம். நம் உபதேசியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "முதல் ஞாயிறு ஆண்டவர் வந்தபோது தோமையார் இல்லை. எட்டு நாள் கழித்து வந்தபோது இருந்தார். இடையில் அந்த எட்டு நாளும் அவர் யாரோடு இருந்தார்?"

எங்களில் யாரும் அதற்கு முன் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. அருளப்பர் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தை எடுத்து மீண்டும் வாசித்தோம். பத்துப் பேரும் ஆண்டவரைக் கண்டுவிட்டார்கள், மகிழ்ச்சி நிறைந்திருக்கிறார்கள். தோமையார் ஒருவர் மட்டும் காயங்களைப் பார்த்தால் ஒழிய நம்பமாட்டேன் என்கிறார். அந்த வீட்டில் எப்படி இருந்திருக்கும்! பத்துப் பேர் சிரிக்க, ஒருவர் மூலையில் உட்கார்ந்திருக்கிற வீடு. நாங்களாக இருந்தால் என்ன செய்திருப்போம்? எங்கள் சாட்சியத்தை நம்பாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டிருப்போம். அவர்கள் அப்படிக் கேட்டதாக நற்செய்தியில் இல்லை. எட்டு நாள் கழித்துக் கதவுகள் அடைத்திருந்த அதே வீட்டில் தோமையாரும் அவர்களோடு இருந்தார் என்றுதான் அருளப்பர் எழுதுகிறார்.

அவர்கள் அவரை விரட்டவில்லை. அவரும் போய்விடவில்லை. அவர் இருந்ததால்தான் ஆண்டவர் வந்தபோது கண்டார். நம்ப முடியாதவனுக்கு அந்தப் பத்துப் பேரும் செய்த உதவி ஒன்றே ஒன்று: அவனுக்கு வீட்டில் இடம் கொடுத்தார்கள். நாங்களோ ஒரே மாலையில் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்தோம்.

தோமையாரைப் பற்றி நாம் அவசரமாகப் பேசிவிடுகிறோம். நற்செய்தியில் அவரைத் தேடிப் பாருங்கள். பெத்தானியாவுக்குப் போனால் ஆபத்து என்று தெரிந்தும், ஆண்டவரோடு நாமும் போய்ச் சாவோம் என்று மற்றவர்களை அழைத்தவர் அவர். கடைசி இரவில், நீர் போகும் இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று வெளிப்படையாகக் கேட்டவரும் அவர்தான். அவர் அப்படிக் கேட்டதால்தானே, நானே வழி என்ற மாபெரும் பதிலைத் திருச்சபை பெற்றது! உயிர்த்த ஆண்டவரைப் பற்றியும் அவர் என்ன கேட்டார்? வானத்தில் ஓர் அடையாளம் காட்டு என்று கேட்கவில்லை. மகிமையைக் காட்டு என்று கேட்கவில்லை. காயங்களைக் கேட்டார். சிலுவையில் துடித்தவர்தாம் உயிர்த்தாரா, அல்லது சிலுவையையே மறந்துபோன வேறொருவரா என்று அறிய விரும்பினார். பார்க்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது வேறு. பார்க்க வேண்டும் என்று ஏங்குவது வேறு. உடலைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கிய எங்கள் சகோதரி எந்தப் பக்கத்தில் நின்றார்? தோமையாரின் பக்கத்தில் அல்லவா?

அதே தோமையார் நம் நாட்டுக்கு வந்து உழைத்தார் என்பதும், மயிலையில் வேதசாட்சியாக உயிர் கொடுத்தார் என்பதும் நம் மரபு. நம் மாவட்டத்துத் திருவிதாங்கோட்டிலும் அவர் கோவில் எழுப்பினார் என்று வழிவழியாகச் சொல்கிறோம். அந்தப் பத்துப் பேர் அன்றைக்கு அவரைத் தள்ளியிருந்தால் இந்த நாட்டின் கதை என்னவாகியிருக்கும்!

அன்பர்களே, கடலில் நடந்த இராயப்பரையும் நினைத்துக்கொள்வோம். மத்தேயு அதைச் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். காற்றைக் கண்டு பயந்து அவர் மூழ்கத் தொடங்குகிறார், கதறுகிறார். ஆண்டவர் உடனே கையை நீட்டிப் பிடிக்கிறார். அதற்குப் பிறகுதான் ஏன் சந்தேகப்பட்டாய் என்று கேட்கிறார். முதலில் கை, பிறகு கேள்வி. கடலில் விழுந்தவனை எப்படித் தூக்குவது என்று நம் கரையில் சிறுபிள்ளைக்கும் தெரியும். நீச்சல் தெரியாதவன் ஏன் படகில் ஏறினாய் என்று எவரும் படகில் நின்றுகொண்டு கேட்பதில்லை. அந்தச் சகோதரியின் வீட்டில் நாங்கள் அதைத்தான் செய்தோம். கேள்வியை நீட்டினோம், கையை நீட்டவில்லை.

இன்னொரு எண்ணமும் எங்களிடம் இருந்தது. புனிதர்களுக்கு இருளே வராது, சந்தேகம் வருவது பாவிகளுக்குத்தான் என்று நினைத்திருந்தோம். அது சரியல்ல என்பதைப் பங்குத் தந்தை எங்களுக்கு எடுத்துச் சொன்னார். குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் நாம் எல்லாரும் அன்போடு வணங்கும் சிறுமலர். 1896-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் காலத்தில் அவருடைய உள்ளத்தில் இருள் சூழ்ந்தது. மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற சோதனை 1897 செப்டம்பர் 30-ஆம் தேதி அவர் இறக்கும்வரை அவரை வாட்டியது. அப்போது அவருக்கு வயது 24. அந்த இருளில் அவர் செய்த ஒரு செயலைக் கேளுங்கள். விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி, நற்செய்தி நூலோடு நெஞ்சருகே வைத்துக்கொண்டார். வாயால் எளிதாகச் சொல்ல முடிந்தவருக்கு இரத்தத்தால் எழுத வேண்டிய தேவை என்ன? மடத்தை விட்டு வெளியே போகாத அந்தக் கன்னிகையைத்தான் 1927-இல் திருச்சபை நம் சவேரியாருக்கு இணையாக வேதபோதக நாடுகளின் பாதுகாவலியாக உயர்த்தியது. மணியடித்து விசுவாசப் பிரமாணத்தைக் கற்பித்தவரும், இருளில் அதை இரத்தத்தால் எழுதியவரும் இன்று அருகருகே நிற்கிறார்கள்.

கல்கத்தாவின் அன்னை தெரேசாவும் அப்படியே. 1997 செப்டம்பர் 5-ஆம் தேதி அவர் மறைந்தார். அவருடைய கடிதங்கள் 2007-இல் நூலாக வெளிவந்தபோது உலகமே வியந்தது. ஆண்டவர் அருகில் இருக்கிறார் என்ற உணர்வே இல்லாமல் பல பத்தாண்டுகள் வாழ்ந்ததாக அந்தக் கடிதங்களில் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த ஆண்டுகளில் ஒருநாளாவது தெருவில் கிடந்தவனைத் தூக்காமல் விட்டாரா? உள்ளம் இருண்டிருந்தபோதும் அவருடைய கால்கள் இயேசுவின் பின்னால் போய்க்கொண்டிருந்தன. 2016-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. இயேசுவைப் பின்செல்வது என்றால், உணர்ச்சி பொங்கும் நாளில் பாடிக்கொண்டு போவது மட்டுமல்ல. ஒன்றும் தெரியாத இருட்டிலும் அவர் சொன்ன வேலையைச் செய்துகொண்டு போவதும் பின்செல்வதே.

இனி, நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்லி முடிக்கிறோம். மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனோம். இந்த முறை வேதாகமம் கொண்டுபோகவில்லை. முதல் நாள், எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினோம். அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் போனோம். மழைக்கு ஒழுகிய கூரையை இளைஞர்கள் சரிசெய்தார்கள். மூத்த பையனை ஒருவர் கணக்குப் பாடத்துக்குத் தம் மகனோடு சேர்த்து உட்காரவைத்தார். மீன் விற்கப் போகும் பெண்கள் அவரையும் தங்களோடு வண்டியில் அழைத்துக்கொண்டார்கள். கோவிலுக்கு வா என்று யாரும் சொல்லக்கூடாது என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். அதைக் காப்பாற்றுவது, கூரை வேய்வதைவிடக் கடினமாக இருந்தது.

ஒருநாள் எங்களில் மூத்த தாய் ஒருவர் அவரோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் ஞாயிறு, சுனாமியில் தம் மகளைப் பறிகொடுத்தவர் அவர். அன்பியத்தில் முதல் ஆளாக ஜெபமாலை தொடங்குகிறவர். அவர் சொன்னார்: "மூன்று வருடம் என் வாய்தான் ஜெபம் சொன்னது, மகளே. உள்ளே ஒன்றுமில்லை. உங்களிடமெல்லாம் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிட்டேன்." எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. பதினைந்து ஆண்டுகள் ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபித்தும் தெரியாது. அந்தச் சகோதரி அன்றைக்குத்தான் முதன்முதலாக எங்களில் ஒருவரின் மடியில் விழுந்து அழுதார். எங்கள் விளக்கங்களால் ஆகாதது, அந்தத் தாய் தம் காயத்தைத் திறந்து காட்டியபோது ஆயிற்று. ஆண்டவரும் தோமையாரிடம் விவாதம் செய்யவில்லை; காயத்தைத்தான் காட்டினார்.

அந்த ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முன், கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்காகக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவை நாட்ட வேண்டும் என்று எங்கள் அன்பியம் பங்குத் தந்தையிடம் விண்ணப்பித்தது. தந்தை உடனே சம்மதித்தார். அந்தச் சிலுவையை நீங்கள் எல்லாரும் பார்க்கிறீர்கள். அது எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 2019 நவம்பர் 2-ஆம் தேதி மாலை, அந்தச் சகோதரி பிள்ளைகளோடு வந்து அதன் அடியில் மெழுகுதிரி ஏற்றினார். காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றினார். திரி எரிந்து தீரும்வரை நாங்கள் பேசாமல் நின்றோம்.

இப்போது அவருடைய விசுவாசம் முழுமையாகத் திரும்பிவிட்டதா என்று நீங்கள் கேட்கலாம். அது ஆண்டவருக்கும் அவருக்கும் இடையே உள்ளது. எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். ஞாயிறு பூசைக்கு வருகிறார். அன்பியத்தில் எங்களோடு பாயில் உட்காருகிறார். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது தொடங்குகிறார். அடக்கத்தைச் சொல்லும் இடம் வந்ததும் நிற்கிறார். சில நாள் தொடர்கிறார், சில நாள் தொடர்வதில்லை. அன்பிய ஜெபத்தில் அந்த இடம் வந்ததும் நாங்கள் எல்லாருமே ஒரு மூச்சு நேரம் நிறுத்திக்கொள்கிறோம். யாரும் ஏற்பாடு செய்யவில்லை; தானாகவே வந்துவிட்டது. அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை. அதை அவரிடமே சொல்லிவிட்டோம்.

அன்பர்களே, பங்கு என்ற சொல் நம் கரையில் இரண்டு பொருள் தரும். கோவிலைச் சேர்ந்த மக்களையும் பங்கு என்கிறோம். படகில் கிடைத்ததைப் பிரித்துக் கொடுப்பதையும் பங்கு என்கிறோம். காய்ச்சலில் கிடந்து கடலுக்கு வர முடியாத கூட்டாளிக்கும் ஒரு பங்கை எடுத்துவைக்கிற நல்லவர்கள் நம் கரையில் இருந்திருக்கிறார்கள். இன்று அவனால் வர முடியவில்லை. ஆனாலும் அவன் நம் படகுக்காரன் என்பார்கள். விசுவாசத்திலும் அப்படித்தான். ஒருவரால் சொல்ல முடியாத நாளில், அவருடைய பங்கையும் சேர்த்து நாம் சொல்ல வேண்டும். திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்களே, அங்கே அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு ஆண்டவர் இரங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவனுடைய விசுவாசத்தைப் பற்றி அந்த இடத்தில் தனியாக ஒரு வார்த்தையும் இல்லை. தூக்கிவந்தவர்களோடு சேர்த்தே அவனும் எண்ணப்பட்டான்.

பவளவிழா ஆண்டில் கொடிமரம் புதுப்பிக்கிறோம். கோபுரத்துக்கு வண்ணம் பூசுகிறோம். நல்லதுதான். அதோடு இந்த மூன்றையும் செய்வோம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். கேள்வி கேட்கிற பிள்ளையிடம், வாயை மூடு என்று சொல்லாமல் இருப்போம். வெளியூரில் படித்துவிட்டு வருகிற நம் பிள்ளைகள், பூசை எதற்கு என்று கேட்டால், அவர்கள் கேட்கிற அளவுக்காவது இன்னும் நம் வீட்டில் இருக்கிறார்கள் என்று மகிழ்வோம். இரண்டாவது, கோவிலுக்கு வராமல் நின்றவரின் வீட்டுக்குப் போகும்போது கேள்வியை வாசலில் வைத்துவிட்டுக் கையோடு மட்டும் உள்ளே போவோம். மூன்றாவது, நமக்கே இருள் வருகிற நாளில் அதை மறைத்து வைக்காமல், நம்பத்தக்க ஒருவரிடமாவது திறந்து சொல்வோம். அந்த வீட்டை விட்டு மட்டும் போகாமல் இருப்போம். எட்டாம் நாள் ஆண்டவர் வருவார். அப்போது நாம் அங்கே இருக்க வேண்டும்.

அந்த எட்டு நாள் சிலருக்கு எட்டு ஆண்டாகவும் நீளலாம். ஆனால் காத்திருந்தவர் வெறுங்கையோடு நிற்கவில்லை. அருளப்பர் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். திபேரியாக் கடலில் இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் கிடைக்காமல் விடியற்காலையில் கரை திரும்புகிற படகு. அதில் இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லும்போது, இராயப்பருக்கு அடுத்தபடியாகத் தோமையாரின் பெயர் வருகிறது. சந்தேகப்பட்டவர் தம் கூட்டாளிகளோடு அதே படகில் இருக்கிறார். கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக்கொண்டு ஆண்டவர் காத்திருக்கிறார். அன்று காலை அவர் பரிமாறியபோது தோமையாரின் பங்கும் அதில் இருந்தது.

நம் பங்கிலும் எவருடைய பங்கும் விட்டுப்போகாதபடி ஆண்டவர் நமக்கு அருள்வாராக. கடலின் விண்மீனாகிய நம் அன்னை, திரும்பி வராதவர்களுக்காகவும், அவர்களுக்காகக் கரையில் காத்திருப்பவர்களுக்காகவும் வேண்டிக்கொள்வாராக.

இயேசுவுக்கே புகழ்! மரியாயே வாழ்க!